ஏர் பிடித்தவன் கையில் ஏடு!

இங்கிலாந்திலே கவன்ட்ரி என்றோர் ஊர். 1520-ஐ ஒட்டிய நாள்களில், அந்த ஊரில் ஆறு ஆடவரையும் ஒரு கைம்பெண்ணையும் கம்பத்தில் கட்டித் தீ மூட்டினர். கொலை செய்தவர்களா? இல்லை. கொள்ளையரா? இல்லை. அரசனுக்கு எதிராக ஆள் திரட்டியவர்களா? அதுவும் இல்லை. ஆடவரில் பெரும்பாலோர் செருப்புத் தைத்துப் பிழைத்தவர்கள். அவர்கள் செய்த குற்றம், தம் வீட்டுக் குழந்தைகளுக்குப் பரமண்டல ஜெபத்தையும் பத்துக் கட்டளைகளையும் ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்தது!

அந்தக் கைம்பெண்ணை முதலில் விட்டுவிட்டார்களாம். இருட்டிவிட்டதே என்று, துணைக்கு ஒரு சேவகன் அவளை வீடு வரை கைப்பிடித்து அழைத்துச் சென்றான். சட்டைக் கைக்குள்ளே ஏதோ காகிதம் சலசலத்தது. இழுத்துப் பார்த்தான். சுருட்டி வைத்திருந்த தாளில் அதே ஜெபம், ஆங்கிலத்தில். வந்த வழியே திருப்பி அழைத்துச் சென்றான். அவளையும் நெருப்பில் இட்டனர். ஜான் ஃபாக்ஸ் என்பார் எழுதி வைத்துள்ள நிகழ்ச்சி இது.

கடவுளைத் தொழுதவர்களைத்தான் கடவுளின் பெயராலேயே கொளுத்தினார்கள் என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். நாத்திகம் பேசியவர்கள் அல்லர் அவர்கள். அந்தக் கடவுளுக்குச் சொல்ல வேண்டியதை, அம்மாவிடம் கற்ற மொழியில் சொன்னார்கள். அது போதுமானதாயிருந்தது, விறகு அடுக்க!

அன்றைய இங்கிலாந்தின் நிலை அது. கோயிலில் ஒலித்தது இலத்தீன். கேட்டவனுக்குப் புரியாது, ஓதியவனுக்கும் பல வேளைகளில் புரியாது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பின்னாளில், 1551-இல், குளோஸ்டர் வட்டாரத்துப் பாதிரிமார் 311 பேரை ஜான் ஹூப்பர் என்ற பிஷப் சோதித்துப் பார்த்தபோது, பத்துக் கட்டளைகளை ஒப்பிக்கத் தெரியாதவர்கள் பாதிக்கு மேல்! பரமண்டல ஜெபம் பைபிளில் எங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரியாதவர்களும் இருந்தனர். இவர்கள்தாம் மோட்சத்திற்கு வழிகாட்டிகள்.

மக்கள் மொழியில் அந்த நூலைத் தர முயன்றவர் முன்பே ஒருவர் இருந்தார்: ஜான் விக்ளிஃப். 1384-இல் இறந்தார். இறந்தவரை விட்டார்களா? 1428-இல், நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, அவர் எலும்புகளைத் தோண்டி எடுத்து, எரித்து, சாம்பலை ஸ்விஃப்ட் என்ற ஆற்றிலே கரைத்தார்கள். இடையில், 1409-இல், காண்டர்பரிப் பேராயர் அருண்டேல் ஒரு கட்டளை பிறப்பித்திருந்தார். பிஷப்பின் இசைவின்றி எவரும் பைபிளை ஆங்கிலத்தில் பெயர்க்கக் கூடாது. பெயர்த்ததைப் படிக்கவும் கூடாது. ஜெர்மனியில் லூதருக்கு முன்பே ஜெர்மன் மொழி பைபிள்கள் அச்சேறிவிட்டன. இங்கிலாந்திலே மட்டும் கதவுக்குத் தாழ். தாழுக்கு மேல் பூட்டு.

அந்தப் பூட்டை உடைத்தவனின் வரலாறுதான் இந்தக் கட்டுரை. வில்லியம் டிண்டேல் அவன் பெயர். பள்ளிப் பாடநூல்களில் எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியரின் பெயர்களை வரிசையாகக் காண்கிறோம். யாருக்குத் தலை போயிற்று, யாருக்கு மணவிலக்கு என்றெல்லாம் பிள்ளைகள் உருப்போடுகிறார்கள். டிண்டேலுக்கு அங்கே ஒரு வரி கிடைத்தால் பெரிது.

1494-ஐ ஒட்டி, கம்பளி வணிகம் செழித்த குளோஸ்டர்ஷயர் நாட்டுப்புறத்தில் பிறந்தான். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து 1515-இல் முதுகலைப் பட்டம் பெற்றான். 1516-இல் எராஸ்மஸ் என்ற பேரறிஞர், புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தை பேசல் நகரில் அச்சிட்டு வெளியிட்டார். ஆயிரம் ஆண்டுகளாக இலத்தீன் பெயர்ப்பையே மூலம் என்று நம்பவைத்திருந்த ஐரோப்பாவில் அது ஒரு வெடிகுண்டு. மூலத்திலே ஒன்று இருக்கிறது, மடத்திலே வேறொன்று சொல்லப்படுகிறது என்பதை எவனும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் அல்லவா!

படிப்பு முடிந்ததும் சர் ஜான் வால்ஷ் என்ற செல்வர் வீட்டில், லிட்டில் சாட்பரி என்ற சிற்றூரில், குழந்தைகளுக்கு ஆசிரியன் ஆனான். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் பாதிரிமார் அடிக்கடி வருவார்கள். நல்ல விருந்து, கூடவே சமயச் சர்ச்சை. இளம் ஆசிரியனோ நூலைத் திறந்து பக்கத்தைக் காட்டுவான். வாயடைத்துப் போவார்கள். விருந்துக்கு வருவதையே குறைத்துக் கொண்டார்களாம்; இந்த ஆசிரியனின் வாதம் அவர்களுக்கு அவ்வளவு கசந்தது. அந்த வட்டாரத்தின் பிஷப் பதவியோ, இத்தாலியிலே இருந்துகொண்டு வருமானத்தை மட்டும் பெற்றுவந்த வெளிநாட்டாரிடம் இருந்தது. ஆட்டைப் பார்த்தறியாத மேய்ப்பர்கள்!

ஒரு நாள் படித்த பாதிரி ஒருவர் வாதத்தின் சூட்டில், கடவுளின் சட்டம் இல்லாவிட்டாலும் பாதகமில்லை, போப்பின் சட்டம் இருந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். டிண்டேல் பொங்கி எழுந்தான். தனக்கு ஆயுள் இருக்குமானால், ஏர் ஓட்டும் சிறுவன் உம்மைவிட அதிகமாக வேத நூலை அறியும்படி செய்வேன் என்று அங்கேயே சூளுரைத்தான். அப்போது அவனுக்கு முப்பது வயதுகூட ஆகியிராது. வீட்டு ஆசிரியன், கையில் காசில்லை, பின்னால் படையில்லை.

முதலில் நேர்வழியையே நாடினான். 1523-இல் லண்டன் சென்று பிஷப் டன்ஸ்டலைக் கண்டான். டன்ஸ்டல் எராஸ்மஸின் நண்பர், கிரேக்கம் அறிந்தவர். கிரேக்கப் பேச்சாளர் ஐசோக்ரட்டீஸின் உரை ஒன்றைப் பெயர்த்துத் தன் புலமைக்குச் சான்றாகக் கொண்டுபோயிருந்தான் டிண்டேல். பிஷப் புன்னகையோடு கைவிரித்தார்: வீட்டில் இடம் இல்லையாம், ஆள்கள் நிறைந்திருக்கிறார்களாம். இடம் கொடுத்தவர் ஹம்ஃப்ரி மான்மத் என்ற ஆடை வணிகர். அவர் வீட்டில் ஆறு மாதம். இரவும் பகலும் படிப்பு, அவித்த இறைச்சி, மெல்லிய பீர். கம்பளி தவிர வேறு உடை உடுத்தக் கண்டதில்லை என்று மான்மத் பின்னர் எழுதினார். அப்படி எழுதியது எங்கிருந்து? லண்டன் கோட்டைச் சிறையிலிருந்து! டிண்டேலுக்குச் சோறு போட்டதும் குற்றமாகிவிட்டது, 1528-இல்.

பிஷப் வீட்டில் மட்டுமல்ல, இங்கிலாந்திலேயே இதற்கு இடம் இல்லை என்று உணர்ந்த டிண்டேல் 1524-இல் கடல் கடந்தான். அதன்பின் தாயகத்தை அவன் காணவே இல்லை.

கொலோன் நகரம், 1525. அச்சு வேலை நடக்கிறது. அதே அச்சகத்தில் தம் நூலை அச்சிட வந்திருந்த கொக்லேயஸ் என்ற லூதர் எதிர்ப்பாளர், வேலையாள்கள் ஏதோ இரகசியம் பேசுவதைக் கேட்டார். வீட்டுக்கு அழைத்தார், மது ஊற்றினார். உள்ளதெல்லாம் வெளிவந்தது: மூவாயிரம் படிகள், ஆங்கிலத்தில் புதிய ஏற்பாடு! உடனே நகர மன்றத்திற்குச் செய்தி பறந்தது. டிண்டேலும் அவன் துணைவனும் அச்சான தாள்களை வாரிக்கொண்டு ரைன் ஆற்றில் படகேறித் தப்பினார்கள். ஆற்றின் மேற்போக்கில் இருந்த வோர்ம்ஸ் நகரில் மீண்டும் தொடங்கி, 1526-இல் முடித்தனர். கையடக்கமான நூல். ஆசிரியர் பெயர் இல்லை.

துணி மூட்டைகளுக்குள் நூல்! தானியத்திற்கு நடுவே நூல்! தேம்ஸ் ஆற்றங்கரையில் மூட்டைகள் இறங்கின. முன்னர் விக்ளிஃப் வழியினராய் மறைந்து வாழ்ந்த ஏழைத் தொழிலாளர் வீடுகளில் அவை பிரிந்தன. இரவிலே ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டனர். டன்ஸ்டல் சும்மா இருப்பாரா? 1526 அக்டோபரில், தூய பவுல் பேராலயத்து முற்றத்தில் சொற்பொழிவாற்றி, நூலிலே ஆயிரக்கணக்கான பிழைகள் உள்ளன என்று சொல்லி, மக்கள் கண்ணெதிரே நூல்களைக் குவித்துக் கொளுத்தினார். யேசு நாதரின் சொல் என்று தாமே போற்றும் நூலை, யேசு நாதரின் ஊழியர் எரித்த காட்சி! பார்த்தவர்களில் பலர் திகைத்தனர். இந்த நூலில் அப்படி என்னதான் இருக்கிறது என்று சிலர் தேடத் தொடங்கினர். தடையைவிடச் சிறந்த விளம்பரம் உண்டா?

எட்வர்ட் ஹால் என்ற காலக்குறிப்பாளர் சொல்லும் கதை ஒன்று உண்டு, சுவையானது. நூல்களை ஒவ்வொன்றாகத் தேடி எரிப்பதைவிட, மொத்தமாக விலைக்கு வாங்கி எரித்துவிட்டால் என்ன என்று டன்ஸ்டலுக்குத் தோன்றிற்றாம். பாக்கிங்டன் என்ற வணிகர் தரகு பேசினார். அவர் டிண்டேலுக்கும் வேண்டியவர். பிஷப் பணம் கொடுத்தார், நூல் பெற்றார், எரித்தார். அந்தப் பணத்தில் டிண்டேல் கடனை அடைத்து, திருத்திய பதிப்புக்கு வேலை தொடங்கினார்! பின்னர், பிடிபட்ட ஒருவனிடம், உங்களுக்கெல்லாம் பணம் தருவது யார் என்று தாமஸ் மோர் விசாரித்தபோது, லண்டன் பிஷப்தான் எங்கள் புரவலர் என்றானாம். மோர் சிரித்துவிட்டு, நானும் அப்படித்தான் நினைத்தேன் என்றாராம்.

எரித்தது எவ்வளவு முழுமையாக நடந்தது என்பதற்கு ஒரு கணக்கு: ஆயிரக்கணக்கில் அச்சான அந்த 1526-ஆம் ஆண்டுப் பதிப்பில் இன்று உலகில் உள்ளதாக அறியப்படுபவை மூன்றே படிகள். அவற்றில் ஒன்றை பிரிட்டிஷ் நூலகம் 1994-இல் பத்து இலட்சம் பவுண்டு கொடுத்து வாங்கிற்று. ஒன்று, கொளுத்திய இடத்திலேயே, தூய பவுல் பேராலய நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது.

பிழைகள் என்றார்களே, என்ன பிழை? இதை விரிவாகச் சொல்ல வேண்டும். வரலாற்றின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. அறிவுக் கூர்மை மிக்க தாமஸ் மோர், 'உடோப்பியா' எழுதிய அதே மோர், திருச்சபையின் பேனாவாக நின்று 1529-இல் டிண்டேலைத் தாக்கி நூல் எழுதினார். டிண்டேல் 1531-இல் மறுமொழி எழுதினார். மோர் அதற்கு மறுமொழியாக 1532, 1533-இல் எழுதிக் குவித்ததோ ஏறத்தாழ ஐந்து இலட்சம் சொற்கள்! இவ்வளவு மையும் எதற்காகச் சிந்திற்று? நாலைந்து சொற்களுக்காக.

கிரேக்க மூலத்தில் 'எக்ளேசியா' என்றொரு சொல். கூடியிருக்கும் மக்கள் என்பது அதன் பொருள். திருச்சபை என்று ஆங்கிலத்தில் வழங்கிய சொல்லை எழுதாமல், கூட்டம் என்ற பொருளுடைய சொல்லை எழுதினார் டிண்டேல். 'பிரெஸ்பிடெரஸ்' என்ற சொல்லுக்கு வயதில் மூத்தவர் என்பது பொருள். குரு என்ற சொல்லை நீக்கி, மூப்பர் என்று எழுதினார். 'மெடனோயா' என்றால் உள்ளம் மாறுதல். பாதிரி விதிக்கும் பிராயச்சித்தத்தைக் குறித்த சொல்லை நீக்கி, மனந்திரும்புதல் என்று எழுதினார். 'அகாபே' என்பதற்குத் தருமம் என்ற பொருளும் கலந்த பழைய சொல்லை நீக்கி, அன்பு என்றார்.

பார்த்தால் இலக்கணச் சண்டை. நடுவே இருப்பதோ கருவூலம்! உண்மையிலே பைபிளில் 'குரு' இல்லை, 'மூப்பர்'தான் உண்டு என்றால், கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவே நின்று காணிக்கை வாங்குபவன் யார்? உள்ளம் மாறினால் போதும் என்றால், பாவத்திற்கு விலை குறித்து விற்ற மன்னிப்புச் சீட்டை யார் வாங்குவார்? தருமம் அன்று, அன்புதான் தலையாயது என்றால், இறந்த தந்தை உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேகிறார், பூசைக்குப் பணம் வை என்று கேட்கும் கை என்னாவது? 'திருச்சபை' என்பது மாளிகையும் மடமும் நிலமும் அல்ல, கூடியிருக்கும் செருப்புத் தைப்பவனும் நெசவாளியும்தான் என்றால், நிலத்துக்கு உரிமை யாருக்கு? ஒரு சொல்லை மாற்றினான். ஓர் உண்டியல் ஆட்டங்கண்டது. மோர் அறிவாளி. ஆகவேதான் அவருக்கு அச்சம் மற்றவர்களைவிட முன்னதாகவே வந்துவிட்டது.

சொல்லின் வலிமையை அறிந்த நாம் இதை எளிதில் உணர முடியும். 1715-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சிட்டு முடித்த தமிழ்ப் புதிய ஏற்பாட்டிலிருந்து வளர்ந்து வந்த புராட்டஸ்டண்டுத் தமிழ் பைபிளை எடுத்துப் பாருங்கள். அங்கே சபை, மூப்பர், மனந்திரும்புங்கள், அன்பு என்ற சொற்களையே காண்பீர்கள். ஒருவனை நெருப்புக்கு அனுப்பிய சொற்கள் அவை என்பது, ஞாயிறுதோறும் அவற்றைப் படிப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

மோர் பேனாவோடு நிற்கவில்லை. அவர் நாட்டின் தலைமை நீதி அமைச்சராயிருந்த காலத்தில், சமயக் குற்றத்திற்காக ஆறு பேர் கொளுத்தப்பட்டனர். டிண்டேலின் நூல்களை மூட்டை மூட்டையாகக் கடத்தி வந்த ரிச்சர்ட் பேஃபீல்டு அவர்களில் ஒருவர், 1531-இல் மாண்டார். டிண்டேலின் உயிர்த்தோழன் ஜான் ஃப்ரித் 1533-இல் லண்டன் ஸ்மித்ஃபீல்டில் எரிந்தான். பேனாவுக்கு விடை பேனா என்று இருந்திருந்தால் மோரை நாம் மதித்திருக்கலாம்.

இனி அரசன். 1528-இல் டிண்டேல் எழுதிய நூலொன்று, மன்னனுக்கு மேல் போப்புக்கு அதிகாரம் இல்லை என்றது. மன்னனின் காதலி ஆன் பொலின் அதைப் படித்து மன்னனிடம் நீட்டினாள். ஹென்றி மகிழ்ந்துபோனான், இது நானும் எல்லா மன்னரும் படிக்க வேண்டிய நூல் என்ற பொருள்படப் புகழ்ந்தானாம். அந்த இடத்தில் டிண்டேல் நாவை அடக்கியிருந்தால் அரண்மனையில் இடம் கிடைத்திருக்கும், பிஷப் பட்டமே கிடைத்திருக்கலாம். ஆனால் 1530-இல் இன்னொரு நூல் எழுதி, மன்னன் கேத்தரினை விலக்குவது வேத நூலுக்குப் பொருந்தாது என்றார்! போப்பையும் பகைத்தாகிவிட்டது, மன்னனையும் பகைத்தாகிவிட்டது. விந்தை என்னவென்றால், மணவிலக்கு விஷயத்தில் டிண்டேலும் அவரது பரம எதிரி மோரும் ஒரே கட்சி. அதே ஹென்றி, தன்னைத் திருச்சபையின் தலைவன் என்று ஏற்காத மோரின் தலையை 1535 ஜூலையில் வெட்டினான். அப்போது டிண்டேல் சிறையில் இருந்தார்.

சிறைக்கு முன், 1531-இல், ஆண்ட்வெர்ப் நகருக்கு மன்னனின் தூதர் ஸ்டீஃபன் வான் வந்தார். திரும்பி வா, மன்னிப்புக் கிடைக்கும் என்றார். நகருக்கு வெளியே வயல்வெளியில் சந்திப்பு. டிண்டேல் கண் கலங்கினாராம். விளக்கவுரை ஒன்றும் வேண்டாம், வெறும் மூலத்தையாவது மக்கள் மொழியில் மன்னர் அனுமதிக்கட்டும். அனுமதித்தால் இனி ஒரு வரி எழுதமாட்டேன், வந்து காலடியில் விழுவேன், சித்திரவதையோ சாவோ எதையும் ஏற்பேன் என்றார். மன்னன் அனுமதிக்கவில்லை. அவரும் வரவில்லை.

அவர் வேலையோ ஓயவில்லை. இங்கிலாந்தில் எபிரேயம் அறிந்தவர் அரிதாயிருந்த காலத்தில், அயலகத்தில் அலைந்தவாறே எபிரேயம் கற்று, 1530-இல் பழைய ஏற்பாட்டின் முதல் ஐந்து நூல்களை வெளியிட்டார். பிறர் பழியைச் சுமப்பவனை ஆங்கிலத்தில் இன்றும் 'ஸ்கேப்கோட்' என்கிறார்களே, அந்தச் சொல் அந்த நூலுக்காக அவர் வார்த்தது. 1534-இல் புதிய ஏற்பாட்டைத் திருத்தி மீண்டும் தந்தார்.

1535-இல் ஆண்ட்வெர்ப் நகரில், ஆங்கில வணிகர் விடுதியில், தாமஸ் பாயிண்ட்ஸ் என்பவரின் விருந்தினராக இருந்தார். ஹென்றி ஃபிலிப்ஸ் என்ற இளைஞன் நட்புக் கொண்டான். தந்தையின் பணத்தைச் சூதில் தொலைத்தவன். இப்போது திடீரென்று கையில் பணம் புரண்டது. யார் கொடுத்த பணமோ! பாயிண்ட்சுக்கு ஐயம் இருந்தது. டிண்டேலுக்கோ பிறரை ஐயுறத் தெரியாது. மே 21. வா, சாப்பிடப் போவோம் என்று அழைத்தான் ஃபிலிப்ஸ். புறப்படுமுன் பணப்பையைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்லி நாற்பது ஷில்லிங் கடனும் வாங்கிக்கொண்டான்! ஒடுக்கமான சந்து. மரியாதையாக டிண்டேலை முன்னே விட்டுத் தான் பின்னே வந்தான், நெட்டையன். குட்டையான டிண்டேலின் தலைக்கு மேலே விரல் நீட்டி, இவர்தான் என்று காட்டினான். காத்திருந்த சேவகர் பற்றினர். காசுக்குக் குருவைக் காட்டிக்கொடுத்தவன் கதையைப் பைபிளிலே தம் கையால் பெயர்த்தவருக்கே அது நேர்ந்தது. அவரை மீட்கப் போராடிய பாயிண்ட்ஸ் தாமும் சிறைப்பட்டு, தப்பி, செல்வமெல்லாம் இழந்தார்.

பிரஸ்ஸல்ஸ் அருகே வில்வோர்ட் கோட்டையில் பதினாறு மாதச் சிறை. அங்கிருந்து அவர் இலத்தீனில் எழுதிய கடிதம் ஒன்று, முந்நூறு ஆண்டுகள் ஆவணக் கட்டுகளிடையே கிடந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளிப்பட்டது. குளிர்காலம் வருகிறது, சளியால் தலை வலிக்கிறது, என் பொருள்களிலிருந்து ஒரு கம்பளிக் குல்லாய் தரச் சொல்லுங்கள், கனமான மேலாடை ஒன்று, காலுறை ஒட்டுப்போடத் துணி, மாலையில் ஒரு விளக்கு, இருட்டில் தனியே உட்கார்ந்திருப்பது சலிப்பாயிருக்கிறது என்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, எபிரேய பைபிள், எபிரேய இலக்கணம், எபிரேய அகராதி. சாவு உறுதி என்று தெரிந்த மனிதன் அகராதி கேட்கிறான்! அவை கிடைத்தனவா என்பதற்குச் சான்று இல்லை.

1536 அக்டோபர் தொடக்கத்தில் அவரைக் கம்பத்தில் கட்டி, கழுத்தை நெரித்துக் கொன்று, பிறகு எரித்தனர். படித்தவர் என்பதால் உயிரோடு எரிக்கவில்லை; அது அவர்கள் காட்டிய கருணை. இங்கிலாந்து மன்னனின் கண்ணைத் திறக்கும்படி கடவுளிடம் வேண்டியதே அவர் கடைசிக் குரல் என்பார் ஃபாக்ஸ்.

கண் திறந்ததா? 1537-இல், டிண்டேலின் நண்பர் ஜான் ரோஜர்ஸ், வேறு பெயரில் ஒரு முழு பைபிளை வெளியிட்டார். பெரும்பகுதி டிண்டேல் பெயர்த்தது. எஞ்சியது கவர்டேல் செய்தது. பழைய ஏற்பாடு முடியும் பக்கத்தில் டிண்டேலின் பெயரின் முதலெழுத்துகள் இரண்டு மட்டும், பெரிய பூவேலை எழுத்தாக. அந்த நூலுக்கு மன்னனின் அனுமதி முத்திரை! 1538-இல் ஒவ்வொரு கோயிலிலும் ஆங்கில பைபிள் வைக்கப்பட வேண்டும் என்று ஆணை பிறந்தது. எரித்தவர்கள் சாம்பல் ஆறும் முன்பே அச்சிட்டார்கள், பெயரைச் சொல்லாமல்.

ஆனால் அந்த மன்னனை மெச்ச வேண்டாம். உழவனும் நெசவாளியும் படித்தார்கள். படித்ததோடு நில்லாமல் சத்திரங்களிலும் சாவடிகளிலும் வாதித்தார்கள். 1543-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. டிண்டேலின் பெயர்ப்பு தடைசெய்யப்பட்டது. மற்ற ஆங்கில பைபிளையும் கைத்தொழிலாளர், தொழில் பழகும் பையன்கள், வேலைக்காரர், உழவர், கூலியாள்கள் படிக்கக் கூடாது. பெண்கள் படிக்கக் கூடாது. மேற்குடிப் பெண்கள் மட்டும் தனியே, தமக்குள் படித்துக்கொள்ளலாம்! வேதம் கேட்ட சூத்திரன் காதில் எதைக் காய்ச்சி ஊற்ற வேண்டும் என்று எழுதி வைத்த தரும நூல்களை அறிந்த நமக்கு, இந்தச் சட்டத்தின் முகச்சாயல் புதிதன்று.

1546-இல், டிண்டேல் பிறந்த அதே குளோஸ்டர்ஷயரில், செயின்ட்பரிக் குன்றில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ராபர்ட் வில்லியம்ஸ் என்ற இடையன், தான் வாங்கிய வேறொரு நூலின் வெற்றுத் தாளில் ஒரு குறிப்பு எழுதினான். இடையர்கள் ஏற்பாட்டைப் படிக்கலாகாது என்று ஆகிவிட்டதால் இந்த நூலை வாங்கினேன், அந்தக் குருட்டுத்தனத்தைக் கடவுள் திருத்தட்டும் என்று எழுதி, ஆடு மேய்க்கும் இடத்தையும் ஆண்டையும் குறித்து வைத்தான். பாதிரியிடம் டிண்டேல் சூளுரைத்துக் கால் நூற்றாண்டுகூட முழுதாகச் சென்றிருக்கவில்லை. ஆடு மேய்ப்பவன் கையில் எழுதுகோல்! தடைச் சட்டத்தைக் குருட்டுத்தனம் என்று எழுதும் துணிவு!

டிண்டேலை நாம் பகுத்தறிவாளர் பட்டியலில் சேர்க்கவில்லை. அவர் போப்பை இறக்கிய பீடத்தில் புத்தகத்தை ஏற்றினார். அந்தப் புத்தகத்தையே ஐயுறலாம் என்ற எண்ணம் அவருக்கு எழவில்லை. மன்னன் கொடுங்கோலன் ஆனாலும் குடிமகன் எதிர்க்கலாகாது என்றும் எழுதினார். அந்த எழுத்தை நாம் ஏற்கவில்லை. அவர் வழிவந்தோம் என்றவர்கள் அதிகாரத்தில் அமர்ந்தபோது என்ன செய்தார்கள்? ஜோன் போச்சர் என்ற பெண், டிண்டேலின் நூலைப் பாவாடைக்குள் கட்டி மறைத்து அரண்மனைப் பெண்களிடம் சேர்த்தவள் என்பர். யேசுவின் உடலைப் பற்றி அவள் வேறொரு கருத்துச் சொன்னாள். 1550-இல், புராட்டஸ்டண்டு அரசே அவளைக் கொளுத்திற்று. பின்னர் மேரி அரசியின் கத்தோலிக்க ஆட்சி வந்து, 1555-இல் ஜான் ரோஜர்சையும், பாதிரிமாரைச் சோதித்த பிஷப் ஹூப்பரையும், அவர்களைத் தொடர்ந்து ஏறத்தாழ இருநூற்றெண்பது பேரையும் கொளுத்திற்று. விறகு ஒன்றே, அடுக்கும் கை மாறிற்று.

1611-இல் ஜேம்ஸ் மன்னனின் பெயரால் வெளிவந்த பைபிளை, ஆங்கில உரைநடையின் அணிகலன் என்று போற்றுகிறார்கள். ஏறத்தாழ ஐம்பது அறிஞர் அமர்ந்து ஆக்கினார்களாம். அதன் புதிய ஏற்பாட்டில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல், துணி மூட்டைக்குள் வந்த டிண்டேலின் சொற்களே என்று பின்னாளில் எண்ணிப் பார்த்தவர்கள் கண்டனர். மறு ஆண்டு, 1612-இல், அதே ஜேம்சின் ஆட்சியில் எட்வர்ட் வைட்மன் என்பவரை லிச்ஃபீல்டில் எரித்தனர். கவன்ட்ரியும் அடங்கிய அதே மறைமாவட்டம் அது. இங்கிலாந்தில் சமயக் கருத்துக்காக எரிக்கப்பட்ட கடைசி மனிதர் அவர்.

டிண்டேல் எண்ணிப் பாராத ஒன்று பின்னர் நடந்தது. ஏர் ஓட்டுபவன் நூலைப் படிக்கலாம் என்றார், படித்தான். படித்தவன் சிலவற்றை நம்ப மறுத்தான்! தாமஸ் பெயின் 1794-இல் 'அறிவுக் காலம்' என்ற நூலின் முதற்பகுதியை வெளியிட்டபோது, எழுதுகையில் அவர் கையில் பைபிள் இல்லை. அடுத்த ஆண்டு இரண்டாம் பகுதிக்கு பைபிளை வாங்கி வைத்துக்கொண்டு, அதிகாரம் அதிகாரமாக, முரண்பாடு முரண்பாடாக எடுத்துக் காட்டினார். இலத்தீனில் அல்ல, காலணி தைப்பவனும் கரி வெட்டுபவனும் படிக்கும் ஆங்கிலத்தில். அரசு அந்த நூலைத் தடுத்தது. வெளியிட்டவர்களைச் சிறைக்கு அனுப்பிற்று.

1819-இல் ரிச்சர்ட் கார்லைல் என்ற தகர வேலைத் தொழிலாளி, அதை மீண்டும் அச்சிட்டு விற்றதற்காகக் குற்றக் கூண்டில் ஏறினார். தற்காப்பு என்ற பெயரில் 'அறிவுக் காலம்' முழுவதையும் நீதிமன்றத்திலேயே படித்தார். வழக்கு நடவடிக்கை என்று அதையும் சேர்த்து அச்சிட்டு, மலிவு விலையில் விற்கச் செய்தார். ஆறாண்டு டார்செஸ்டர் சிறையில் கிடந்தார். லண்டன் கடையை மனைவி ஜேன் நடத்தினார். அவரும் சிறை புகுந்தார். தங்கை மேரி ஆன் வந்தார்; அவரும் சிறை புகுந்தார். பின்னர் ஊர் ஊராகத் தொண்டர்கள், யார் என்று தெரியாத கடைப் பையன்களும் தையற்காரர்களும், தாமாகவே வந்து அந்தக் கடைப்பலகையின் பின்னே நின்றார்கள். நூறு பேருக்கு மேல் சிறை சென்றனர். ஒருவரைச் சேவகர் கொண்டுபோன மறுநாள், வேறொருவர் கடையைத் திறந்தார்.